புதுப் பெட்டிக்குப் பழைய டிரைவ் எதற்கு?

1989ஆம் வருஷம், சீனப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை, மாலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் நான் ஒரு பிரகடனம் செய்தேன். காற்றாடிக்கு நேர் கீழே நின்றேன். கையில் ஸ்க்ரூ டிரைவர். எதிரே பதினோரு பேர். "என் கையாலேயே உருவாக்கிய இந்தப் புது கம்ப்யூட்டருக்குப் பழைய டிரைவ் தேவையே இல்லை" என்றேன்.

யாரும் கை தட்டவில்லை. அவர்கள் கை தட்ட வந்தவர்கள் அல்ல, பாட வந்தவர்கள். என் பிரச்சினையே அதுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சூசைநாதன். கப்பல் பட்டறை ஒன்றில் ஸ்டோர்கீப்பர். ஒரு வருஷமாக யாரும் கேட்காத சாமான் என் ஸ்டோரில் தங்காது. தூக்கி வெளியே போட்டுவிட்டுத்தான் மறுவேலை. இந்தச் சட்டத்தை வீட்டிலும் கொண்டுவரப் பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன். ஆனால் வீட்டில் சட்டம் இயற்றும் அதிகாரம் என் மனைவி பிரிஜட்டிடம் இருக்கிறது. எங்கள் கோவிலின் தமிழ்ப் பாடகர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. அங்கேயாவது ஒரு தேர்தல் வைத்தார்கள்.

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில், ஒன்பதாவது மாடியில் எங்களுக்கு மூவறை வீடு. எங்கள் பிளாக்கில் லிஃப்ட் ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய மாடிகளில் மட்டும்தான் நிற்கும். நான் ஏழாவது மாடி வீட்டை வாங்கியிருந்தால் பாதிப் பேர் படியேறப் பயந்து வராமல் இருந்திருப்பார்கள். ஒன்பதை வாங்கினேன். ஐந்து வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு மணி அடித்தால் வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு. பாடுகிறவர்கள் பத்துப் பேர், ஹார்மோனியம் வாசிக்க லாசரஸ் ஒருவர்.

அவர்கள் வந்ததும் நான் படுக்கையறைக்குப் போய்விட வேண்டும். கைலி கட்டிய மனுஷன் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பெண்களுக்குச் சங்கடமாம். போய்க் கட்டில் விளிம்பில் உட்காருவேன். எழுந்திருப்பேன். ஜன்னலைத் திறப்பேன். மூடுவேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் நாற்காலி, என் காற்றாடி, என் தொலைக்காட்சிப் பெட்டி. அதில் மல்யுத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் அதன் தலைமேல் யாரோ கைப்பையை வைத்திருப்பார்கள். ஒருவன் மற்றவனைத் தூக்கிப் போடுவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கு ஆற்றாமையாக வரும். நான் கேட்டது பெரிய வரம் ஒன்றுமில்லை. சனிக்கிழமை மாலை என் கூடத்தில், என் காற்றாடிக்குக் கீழே, கைலியோடு உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

குழு ஏன் எங்கள் வீட்டுக்கு வருகிறது? அதற்கும் நான்தான் காரணம். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கூடத்தில் வைத்தேன். விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று ஆடத்தான் வாங்கினேன். ஒரு மாதத்தில் பிரிஜட் அதைப் பிடித்துக்கொண்டாள். குழுவில் இளவட்டங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் மலாய் படித்தவர்கள். அதனால் பாட்டுகளையெல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்து, பெரிய டிஸ்கெட்டுகளில் ஏற்றி வைத்தாள். தொண்ணூற்றிரண்டு பாட்டு, ஏழு டிஸ்கெட். அந்த வாரத்துப் பாட்டைச் சனிக்கிழமை அச்சடிப்பாள். பிரின்டர் கீச்சுக் கீச்சென்று கத்தி முடிந்ததும் இவர்கள் ஆரம்பிப்பார்கள். தாள் இங்கே கிடைப்பதால் பயிற்சியும் இங்கேயே.

இதை யோசித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது. பாட்டு இருப்பது பெரிய டிஸ்கெட்டில். பெரிய டிஸ்கெட்டைப் படிப்பது பழைய டிரைவ். பழைய டிரைவ் இல்லாத ஒரு புது கம்ப்யூட்டரை நானே உருவாக்கிவிட்டால்? பாட்டு வராது. தாள் வராது. குழு கேலாங்கில் இருக்கும் லாசரஸ் வீட்டுக்குப் போய்விடும். அவரிடம் பாட்டெல்லாம் கையால் எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. யாரையும் எதிர்க்காமல், ஒரு குரல் உயர்த்தாமல், விஞ்ஞான வளர்ச்சியின் பெயராலேயே என் நாற்காலி எனக்குத் திரும்பிவிடும். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்து நேரே சிம் லிம் டவர். ஒரு நாள் பெட்டி, ஒரு நாள் பலகை, ஒரு நாள் சின்ன டிஸ்கெட் போடும் புது டிரைவ். கடைசியாக ஹார்ட் டிஸ்க். ஒரு பெரிய அகராதிப் புத்தகம் அளவுக்குக் கனம். அதை மடியில் வைத்துக்கொண்டு புதிதாக வந்த எம்ஆர்டி ரயிலில் ஈசூன் வரை வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த சீன மூதாட்டி அது என்ன கேக் என்று கேட்டார்.

ஹார்ட் டிஸ்கை முதன்முதலாகத் தயார் செய்வது எனக்குத் தெரியாத வேலை. அடுத்த வீட்டு ரவூப்புக்குத் தெரியும். சுங்கை ரோட்டுப் பக்கம் ஒரு மின்சாதனப் பட்டறையில் வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவன், மரியாதையானவன். வியாழக்கிழமை சாயங்காலம் ஹார்ட் டிஸ்கை அவனிடம் கொடுத்தேன். அதோடு பழைய கம்ப்யூட்டரையும் மொத்தமாகத் தூக்கிக் கொண்டுபோய் அவன் வீட்டு வாசலில் வைத்தேன். பிரித்து என்ன வேண்டுமோ எடுத்துக்கொள் என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, அந்தப் பழைய டிரைவை மட்டும் கழட்டிப் புதுப் பெட்டியில மாட்டிடலாமே. இடம் இருக்கு. பழைய டிஸ்கெட் எதையாச்சும் படிக்கணும்னா?"

"ஒரு வருஷம் கேட்காத சாமான் என் ஸ்டோர்ல இருக்காது, ரவூப்."

"அக்கா வாராவாரம் கேக்குறாங்களே."

நான் என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ரவூப்புக்குத் தெரிந்தது அவன் மனைவி பரீதாவுக்குத் தெரியும் என்பதும், பரீதாவுக்குத் தெரிந்தது, சமையலறை ஜன்னலில் மூங்கில் கழியில் துணி மாட்டும் நேரத்தில், பக்கத்து ஜன்னலில் துணி மாட்டும் பிரிஜட்டுக்குத் தெரியும் என்பதும் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. வெள்ளிக்கிழமை ரவூப் ஹார்ட் டிஸ்கைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தேன். சுவிட்சைப் போட்டதும் உயிர் வந்தது. என் கண்ணில் தண்ணீரும் வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஸ்க்ரூ வாங்க ஒரு தடவை கீழே கடைக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஹார்ட் டிஸ்கில் கோப்புகளைப் போட்டு வைக்க, நான் உருவாக்காத ஒரு கோப்பறை இருந்தது. அதன் பெயர் மாமியார்.

பிரிஜட்டைக் கேட்டேன். தான்தான் உருவாக்கியதாகச் சொன்னாள். ஈப்போவில் இருக்கும் அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவதற்காம். என் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அந்தப் பெயர் வைத்தாளாம். "வேணும்னா திறந்து படிங்க. உங்களைப் பத்தியும் எழுதுவேன்."

என் வாழ்க்கையில் நான் திறக்காத பெட்டிகள் இரண்டு. ஒன்று பட்டறையின் மின்சாரப் பெட்டி. இரண்டாவது எதுவென்று அன்று தெரிந்துகொண்டேன்.

இனிப் பிரகடனத்துக்கு வருவோம். புதுப் பெட்டியின் முகப்பில் ஒரு குழி இருந்தது. பழைய டிரைவ் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம். பிரிஜட் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பதினோரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? தேவையே இல்லையா?"

"தேவையே இல்லை."

"அப்ப என் பெரிய டிஸ்கெட்டெல்லாம்?"

"அதெல்லாம் முடிஞ்சு போன காலம் லா. டீ கப்புக்கு அடியில வெச்சுக்க."

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் பிரிஜட் ஒரே பேச்சில் 'சரிங்க' சொன்ன சந்தர்ப்பங்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு எனக்கு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. ஆனாலும் லாசரஸைப் பார்த்து, இனிமேல் அவருடைய நோட்டுத்தான் குழுவுக்குக் கதி என்று பெருந்தன்மையோடு சொன்னேன். லாசரஸ் சந்தோஷப்படவில்லை. அந்த நோட்டில் தான் எழுதியதைத் தன்னாலேயே இப்போது படிக்க முடிவதில்லை என்றார்.

பிரிஜட் குழுவின் பக்கம் திரும்பினாள். வருகிற புதன் விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது என்று ஞாபகப்படுத்தினாள். சிலுவைப் பாதைப் பாட்டு, குருத்தோலைப் பாட்டு, பெரிய வெள்ளிப் பாட்டு எல்லாம் கிடக்கின்றன. தாள் இல்லாவிட்டால் காதால் கேட்டு மனப்பாடம்தான் செய்ய வேண்டும். வாரம் ஒரு நாள் போதாது. "திங்கள்லேருந்து தினமும் ஏழு மணிக்கு இங்க வந்துடுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் கோவில்ல."

தினமும். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். என் காலம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

திங்களும் செவ்வாயும் சீனப் புத்தாண்டு. ஊரே விடுமுறையில் ஆரஞ்சுப் பழத்தோடு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க்கொண்டிருந்தது. நான் ரவூப் வீட்டு வாசலுக்கும் என் வீட்டு வாசலுக்குமாகப் போய்க்கொண்டிருந்தேன். பழைய டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று கேட்டேன். அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டதாகவும், பட்டறை வியாழக்கிழமைதான் திறக்கும் என்றும் சொன்னான். முதலாளியிடம் சாவி வாங்க முடியாதா என்றேன். முதலாளி ஜொகூரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாராம். நான் சிம் லிம் டவருக்கே போய்ப் பார்த்தேன். எல்லாக் கடையிலும் இரும்புக் கதவு இறங்கி, சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. காவலாளி என்னைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார்.

மாலை ஏழு ஆனால் படுக்கையறை. திங்கள், செவ்வாய், புதன். ஒரே பாட்டை ஒரே இரவுக்குள் இருபது தடவை. தாள் இருந்த காலத்திலாவது தவறில்லாமல் பாடினார்கள். இப்போது முதல் சரணத்தின் தலையும் மூன்றாம் சரணத்தின் வாலுமாகப் பாடினார்கள். கட்டில், ஜன்னல், அலமாரி, கட்டில் என்று நான் நடந்த தூரத்தைக் கூட்டினால் கிராஞ்சி வரை போயிருக்கலாம்.

வியாழக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ரவூப்போடு பட்டறைக்கே போய், மாலை வரை முதலாளிக்காகக் காத்திருந்து, என் பழைய டிரைவை வாங்கிக்கொண்டேன். தோற்றவன் திரும்பி வருவதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. பரவாயில்லை, வாரம் ஒரு நாள் போனால் போகட்டும், தினமும் என்பது மட்டும் வேண்டாம். பிரகடனத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எப்படிக் கௌரவமாகச் சொல்வது என்று ரயிலில் ஒத்திகை பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழே கால். பயிற்சிக்கு நடுவே டீ ஓடிக்கொண்டிருந்தது.

மேசைமேல் ஏழு டீ கப். ஒவ்வொரு கப்புக்கும் அடியில் ஒரு பெரிய டிஸ்கெட். லேபிளெல்லாம் ஊறி உரிந்து போயிருந்தது. லாசரஸுடையது நடுத் துளை வழியாக டீயை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது.

"பிரிஜட், என்ன செய்யுறே?"

"நீங்கதானே சொன்னீங்க, டீ கப்புக்கு அடியில வெச்சுக்கன்னு. ரொம்ப வசதியா இருக்குங்க. மேசையில கறையே படலை."

நான் டிரைவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்க டிரைவ் வந்துவிட்டது, பாடம்தான் போய்விட்டது. என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். மறுநாள் அதை ரவூப்பிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம், செவ்வாயோ புதனோ, அது நடந்தது. சிலுவைப் பாதையில் ஆறாம் நிலைக்கு ஒரு பாட்டு. 'கல்லும் கரையும் வேளையிலே என் கண்ணும் கரையாதோ' என்று தொடங்கும். மூன்றாம் சரணம் அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. நான்கு தடவை ஆரம்பித்து நான்கு தடவையும் அதே இடத்தில் விழுந்தார்கள். லாசரஸின் ஹார்மோனியம் மட்டும் தனியாகப் போய் நின்று யாரும் வராததால் திரும்பி வந்தது. ஐந்தாவது தடவை எனக்குத் தாங்கவில்லை. கட்டிலில் ஏறி நின்றுகொண்டு, அந்த மூன்றாம் சரணத்தை முழுவதும், ராகத்தோடு, கதவைப் பார்த்துப் பாடிவிட்டேன்.

கதவு திறந்தது. பிரிஜட் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அஞ்சு வருஷமா கேக்குறேனே, தெரியாம?"

"எல்லாப் பாட்டுமா?"

இங்கேதான் ஒரு புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொள்வான். "தொண்ணூற்றிரண்டும்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நிமிஷத்தில் நான் பேன்ட் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் திட்டம் தெளிவாக இருந்தது. எல்லாப் பாட்டையும் நானே டைப் அடித்துவிட்டால் தாள் வரும். தாள் வந்தால் மனப்பாடம் தேவையில்லை. மனப்பாடம் இல்லாவிட்டால் தினப் பயிற்சி இல்லை. பழையபடி சனிக்கிழமையோடு நின்றுவிடும். ஆகவே தவக்காலம் முழுவதும், வேலைவிட்டு வந்து, ஏழு மணிக்கு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. பாட்டின் சொற்கள் எனக்குத் தனியாக வரவில்லை. ராகத்தோடு பாடினால்தான் வந்தன. ஆக, முதலில் நான் பாட வேண்டும். லாசரஸ் சுருதி பிடிப்பார். நான் ஒரு வரி பாடுவேன், ஒரு வரி அடிப்பேன். பின்னால் பத்துப் பேர் நின்று அந்த வரியைத் திருப்பிப் பாடுவார்கள். நான் சரிபார்த்து அடுத்த வரிக்குப் போவேன். என் குரல் அடிவயிற்றிலிருந்து வருவதாக லாசரஸ் சொன்னார். இந்த மாதிரி ஒரு கனத்த குரலுக்கு இத்தனை வருஷமாக ஏங்கினோம் என்றார். அவருக்கு அறுபது வயது, பொய் சொல்லத் தெரியாதவர். நான் அடுத்த வரியைக் கொஞ்சம் பலமாகவே பாடினேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. காற்றாடிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். பட்டறையில் நான் வாயைத் திறந்தால் ஆட்கள் ஓடுவார்கள். இங்கே நான் வாயைத் திறப்பதற்காகப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஆனால் இதைப் பிரிஜட்டிடம் காட்டிக்கொள்ளவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே பாடினேன்.

தினமும் வேலை முடிந்ததும் பாட்டுகளை ஹார்ட் டிஸ்கில் சேமிப்பேன். அப்போது திரையில் கோப்பறைகளின் பட்டியல் வரும். என்னுடைய 'பாட்டு', அதற்கு மேலே 'மாமியார்'. பார்த்த மாத்திரத்தில் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். அதற்குள் என்னைப் பற்றி என்னென்ன போய்க்கொண்டிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே கம்ப்யூட்டரை அணைப்பேன். அச்சடிப்பது பிரிஜட்டின் இலாகா. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே, அச்சடித்த தாளை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு பழி மட்டும் வாங்கினேன். பெரிய வெள்ளி ஆராதனைக்கு ஒரு பாட்டு இருக்கிறது. ஒன்பது சரணம். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளம். ஐந்து வருஷமாக அந்தப் பாட்டுத்தான் என் மல்யுத்தத்தின் கடைசி அரைமணியையும் தின்றது. அதை அடிக்கும்போது எட்டையும் ஒன்பதையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன். ஏழோடு நிறுத்தி ஆமென் போட்டேன். அன்று லாசரஸ் பல்வலி என்று வரவில்லை, இளவட்டங்களுக்கு எத்தனை சரணம் என்று தெரியாது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிரிஜட் கூடக் கேட்கவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. மத்தியானம் மூன்று மணி. கோவிலில் நிற்க இடமில்லை. அதற்குள் எப்படியோ நான் பாடகர் மேடையில் இரண்டாவது வரிசையில், வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று யோசிக்க நேரமில்லை, பிரிஜட் கை காட்டினாள், ஏறினேன். அந்த நீளப் பாட்டு வந்தது. எல்லாரும் தாளைப் பார்த்துப் பாடினார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். ஏழாம் சரணம் முடிந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு கனத்த ஆமென் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

மற்ற எல்லாரும் நின்றுகொண்டு எட்டாம் சரணத்தை ஆரம்பித்தார்கள். கோவிலே தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தது. உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன். ரோசம்மா என்கிற சின்னப்பெண் தன் தாளை என் பக்கம் நீட்டினாள். ஒன்பது சரணமும் அதில் இருந்தன.

வீட்டுக்கு வந்தோம். பிரிஜட் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய், பெரிய வெள்ளிக் கஞ்சியைச் சூடாக்க வைத்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"எட்டாவது சரணம் எங்கேருந்து வந்தது?"

"பாட்டுலயே இருக்குங்க."

"நான் அடிக்கலையே."

"தெரியும். அதான் என்னோடதுலேருந்து எடுத்தேன்."

"உன்னோடது எங்க இருக்கு?"

அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "மாமியார்ல."

நான் கூடத்துக்கு ஓடினேன். ஆறு வாரமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்ட அந்தக் கோப்பறையைத் திறந்தேன். ஈப்போவுக்கு ஒரு கடிதம் கூட இல்லை. தொண்ணூற்றிரண்டு பாட்டு இருந்தது. பழைய கம்ப்யூட்டரும் புது ஹார்ட் டிஸ்கும் ரவூப் வீட்டில் ஒன்றாக இருந்த அந்த வியாழக்கிழமையே, மூங்கில் கழியில் துணி காய்வதற்குள், பிரிஜட் கொடுத்த பெரிய டிஸ்கெட்டுகளிலிருந்து எல்லாப் பாட்டும் ரவூப் கையால் இதற்குள் வந்துவிட்டிருக்கின்றன. நான் பிரகடனம் செய்தபோதே பாட்டு என் கைக்குக் கீழேதான் இருந்திருக்கிறது.

கஞ்சிக் கிண்ணத்தோடு பிரிஜட் வந்தாள். அப்படியானால் டீ கப்புக்கு அடியில் வைத்தது எது என்று கேட்டேன். அலமாரி மேல் காலணிப் பெட்டியில் நான் ஒளித்து வைத்திருந்த விமான விளையாட்டு டிஸ்கெட்டுகளாம். தேவையில்லை என்று நான் சொன்னதால் எடுத்துக்கொண்டாளாம்.

"அப்ப ஆறு வாரம் நான் எதுக்குங்க டைப் அடிச்சேன்?" எனக்கே தெரியாமல் 'ங்க' போட்டுவிட்டேன்.

"குழுவுல ஆம்பளக் குரல் லாசரஸ் அண்ணன் ஒருத்தர்தான். வாங்கன்னு கூப்பிட்டா வந்திருப்பீங்களா? குளிக்கும்போது மட்டும் அத்தனை பாட்டும் பாடுவீங்க." கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேங்க. அன்னிக்கு நீங்க சொன்னது ரொம்பச் சரி. பழைய டிரைவ் தேவையே படலை."

பதினாறு வருஷத்தில் நான் சொன்ன ஒன்றைச் சரி என்று பிரிஜட் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. கஞ்சியைக் குடித்தேன். உப்புக்கூடச் சரியாக இருந்தது.

பெட்டியின் முகப்பில் அந்தக் குழி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. முழுக்கக் காலி என்று சொல்ல முடியாது, குழுவுக்கான தொண்டை மிட்டாயைப் பிரிஜட் அதில்தான் வைக்கிறாள். உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் தினப் பயிற்சி நின்றுவிட்டது. இப்போதெல்லாம் சனிக்கிழமை மாலை நான் படுக்கையறைக்குப் போவதில்லை. ஆசைப்பட்டபடியே என் கூடத்தில், என் காற்றாடிக்கு நேர் கீழேதான் இருக்கிறேன்: பேன்ட் போட்டுக்கொண்டு, நின்றபடி, இரண்டாவது வரிசையில்.